அட்டை அடுக்கிய கைகள்

மூட்டுவாத நோய்ப் பிரிவின் புறநோயாளர் அறையில் எங்களைச் சிந்திக்க வைக்கும் கேள்விகள் பெரும்பாலும் கதவருகே கேட்கப்படுபவை. பரிசோதனை முடிந்து, மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்டு எழுந்த பின்னர், வாசலில் ஒரு கணம் தயங்கி நின்று கேட்கிறார்கள்: "டாக்டர், இனிமேல் இந்தக் கையால் பூக்கட்ட முடியுமா?" "தபால்தலை ஆல்பத்தை யாருக்காவது கொடுத்துவிடட்டுமா?" வலியைப் பற்றிய கேள்விகளுக்கு நாங்கள் எளிதில் விடை கூறிவிடுகிறோம். இந்தக் கேள்விகளுக்கு அவ்வாறு முடிவதில்லை.

சில வீடுகளில் நோயாளி வாய் திறக்கும் முன்பே விடை சொல்லப்பட்டுவிடுகிறது. "கை இப்படி வீங்கிக் கிடக்கும்போது இதெல்லாம் எதற்கு, அப்பா?" என்று அன்போடு கேட்டு, பிள்ளைகள் ஆல்பத்தைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். அவர்களுடைய நோக்கம் நல்லதே. விளைவும் நல்லதுதானா என்பதை இந்த இதழில் எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். அதற்கு ஒரு மனிதரின் வாழ்க்கை எங்களுக்குத் துணை செய்கிறது. அவர் அமெரிக்கர். சிகரெட்டுப் பெட்டிகளிலும் மிட்டாய் உறைகளிலும் வந்த சிறிய பட அட்டைகளைச் சேர்த்தவர். மூட்டு நோயால் கைகள் விறைத்துப்போன பின்னரும் அவற்றை வரிசைப்படுத்தி ஒட்டிக்கொண்டிருந்தவர். ஜெஃபர்சன் பர்டிக் என்பது அவர் பெயர். அவர் சேர்த்தவற்றுள் பெரும்புகழ் பெற்றவை பேஸ்பால் அட்டைகள் என்பதால், முதலில் அவ்வட்டைகளைப் பற்றிச் சிறிது கூறுவோம்.

பெட்டிக்குள் வந்த வீரர்கள்

நமக்குக் கிரிக்கெட் எப்படியோ அப்படி அமெரிக்கர்களுக்கு பேஸ்பால். 1880களில் அந்நாட்டுச் சிகரெட்டு நிறுவனங்கள் தம் பெட்டிக்குள் சிறிய தடித்த அட்டை ஒன்றை வைக்கத் தொடங்கின. மெல்லிய பெட்டி நசுங்காமல் காப்பது அதன் முதல் வேலை. அதில் பேஸ்பால் வீரர் ஒருவரின் படத்தை அச்சிட்டால் விற்பனையும் கூடும் என்பதை அவர்கள் விரைவிலேயே கண்டுகொண்டனர். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட ஒரு வரிசையில் மட்டும் 500க்கு மேற்பட்ட அட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றின் அகலமும் ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவு. புகையிலைக் கடைகளின் வாசலில் சிறுவர்கள் காத்து நின்று, வெளியே வரும் பெரியவர்களிடம் அட்டையைக் கேட்டு வாங்குவது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது.

அந்த வரிசையில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஹோனஸ் வாக்னர் என்ற பெரும் வீரரின் அட்டையும் இருந்தது. அதை அச்சிடுவது தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டது. தம் படத்துக்காகச் சிறுவர்கள் புகையிலையை நாடுவதை அவர் விரும்பவில்லை என்பர் சிலர். உரிய பணம் தரப்படாததே காரணம் என்பர் வேறு சிலர். எதுவாயினும், மிகச் சில படிகளே எஞ்சிய அந்த அட்டை 2022ஆம் ஆண்டில் 72 இலட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலைபோயிற்று. மருத்துவர்களாகிய எங்களுக்கு இவ்விடத்தில் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. புகைபிடித்தல் முடக்குவாதம் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. வந்த பின் மருந்துகளின் பயனையும் குறைக்கிறது.

1930களில் அட்டை சூயிங்கம் உறைக்கு இடம் மாறியது. பாஸ்டன் நகரின் கௌடி நிறுவனம் 1933இல் 240 எண்கள் கொண்ட வரிசை ஒன்றை வெளியிட்டது. அதில் 106ஆம் எண் அட்டையை மட்டும் அச்சிடவே இல்லை. அது கிடைக்கும் என்று நம்பிச் சிறுவர்கள் மீண்டும் மீண்டும் கம் வாங்கினார்கள். ஏமாந்தவர்கள் கடிதம் எழுதிக் கேட்கவே, மறு ஆண்டில் அந்த அட்டையை அச்சிட்டுக் கேட்டவர்களுக்கு அனுப்பிவைத்தார்கள்.

1952இல் புரூக்ளினைச் சேர்ந்த டாப்ஸ் நிறுவனம் 407 அட்டைகள் கொண்ட வரிசையைக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்தவர்களுள் முதன்மையானவரான சை பெர்கர், தம் வீட்டுச் சமையலறை மேசையில் அமர்ந்து அந்த வேலையைச் செய்தார். முன்புறம் வண்ணப் படமும் கையெழுத்தும் அணியின் சின்னமும், பின்புறம் வீரரைப் பற்றிய குறிப்பும் ஆட்டக் கணக்கும் அமைந்தன. இன்று வரை அட்டைகள் பெரும்பாலும் அந்த அமைப்பையே பின்பற்றுகின்றன. விற்காமல் தேங்கிய 1952ஆம் ஆண்டு அட்டைகளைப் பின்னாளில் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக பெர்கரே கூறியிருக்கிறார். அதே வரிசையில் வந்த மிக்கி மேண்டில் அட்டைகளுள் ஒன்று 2022இல் 1 கோடியே 26 இலட்சம் டாலருக்கு ஏலம்போயிற்று.

எங்களுள் நாற்பதைக் கடந்தவர்களுக்கு இந்த ஆசை புதிதன்று. பபிள்கம் உறைக்குள் கிரிக்கெட் படம் வந்த காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். இரண்டு படம் கொடுத்து ஒரு கபில்தேவை வாங்கியவர்களும் எங்கள் பிரிவில் உண்டு.

தம் அணி என்னும் பற்று

அட்டை சேர்ப்பவர்களில் இரு வகையினர் உண்டு. வரிசை முழுவதையும் முடிக்க விரும்புகிறவர்கள் ஒரு வகை. தம் அணியின் வீரர்களை மட்டும் சேர்ப்பவர்கள் மற்றொரு வகை. பின்னவர்களுக்கு உறையைப் பிரிக்கும் கணமே ஒரு சோதனை. உள்ளே உலகறிந்த வீரர் ஒருவர் இருக்கலாம். அவர் எதிரணிக்காரர் என்றால் அந்த அட்டை பண்டமாற்றுக்கு மட்டுமே உதவும். தம் அணியின் பெயர் தெரியாத மாற்று ஆட்டக்காரர் வந்தாலோ மனம் மகிழ்ந்துவிடும்.

1950களின் நியூயார்க் நகரத்தில் யாங்கீஸ், ஜயன்ட்ஸ், புரூக்ளின் டாட்ஜர்ஸ் என மூன்று பெரிய அணிகள் இருந்தன. ஆகவே பண்டமாற்றுக்குக் குறைவே இல்லை. ஒருவனுக்கு வேண்டாத அட்டை அடுத்த தெருக்காரனுக்கு உயிர். ஒரே அட்டை இருமுறை வந்துவிட்டால் மிகையானதைக் கொடுத்து இல்லாததைப் பெறலாம். இத்தகைய மாற்றில் இருவருமே தாம் இலாபம் அடைந்ததாக எண்ணி வீடு திரும்புவர். சந்தையில் ஓர் அட்டையின் விலையை அதன் அரிய தன்மை தீர்மானிக்கிறது. இரசிகனுக்கு அதன் மதிப்பைத் தீர்மானிப்பது அவனுடைய அன்பு.

அந்த அன்பு தோல்வியால் குறைவதில்லை. டாட்ஜர்ஸ் அணி 1941, 1947, 1949, 1952, 1953 ஆகிய ஆண்டுகளின் இறுதித் தொடர்களில் யாங்கீஸ் அணியிடமே தோற்றது. 1955இல்தான் வென்றது. 1957ஆம் ஆண்டு ஆட்டங்கள் முடிந்ததும் அணியே லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குப் பெயர்ந்துவிட்டது. புரூக்ளின் சிறுவர்களிடம் எஞ்சியவை காலணிப் பெட்டியில் அடுக்கிய அட்டைகள் மட்டுமே. சிகாகோ கப்ஸ் அணியின் இரசிகர்களோ 1908ஆம் ஆண்டு வெற்றிக்குப் பின் அடுத்த வெற்றிக்காக 2016 வரை 108 ஆண்டுகள் காத்திருந்தனர். எர்னி பேங்க்ஸ் என்ற வீரர் அந்த அணிக்காக 1953 முதல் 1971 வரை ஆடி 512 ஹோம் ரன்கள் அடித்தார். ஒரே ஓர் இறுதித் தொடரில் ஆடும் வாய்ப்புக்கூட அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் அவருடைய அட்டைகளை இரசிகர்கள் போற்றிக் காக்கிறார்கள்.

இத்தகைய அட்டையின் பின்புறத்தைப் பார்க்கும்போது எங்களுக்கு நோயாளியின் பதிவேடு நினைவுக்கு வருகிறது. நன்றாக ஆடிய ஆண்டும் அதில் இருக்கும், காயத்தால் ஆடாமல் கழிந்த ஆண்டும் இருக்கும். நாட்பட்ட மூட்டு நோயும் அவ்வாறே சீறிப் பின் தணிந்து செல்வது. ஒரு மோசமான மாதத்தைக் கொண்டு முழுக் கணக்கையும் முடிவு செய்துவிடலாகாது.

சிரக்யூஸ் நகரத்து மனிதர்

ஜெஃபர்சன் பர்டிக் 1900ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பயின்றார். பின்னர் அந்நகரின் மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அவருக்குப் பேஸ்பாலில் தனி ஈடுபாடு இருந்ததில்லை என்பது வியப்பான செய்தி. எந்த அணிக்கும் அவர் இரசிகர் அல்லர். வாழ்த்து அட்டை, விளம்பர அட்டை, சுருட்டுப் பட்டை, அஞ்சலட்டை என அச்சில் வந்த சிறு பொருள்கள் அனைத்தின் மேலும் அவருக்குப் பற்று இருந்தது. எளிய மக்களின் கையில் புழங்கி, பின் குப்பையில் போய்ச் சேரும் இவற்றில் ஒரு நாட்டின் வரலாறு இருக்கிறது என்று அவர் நம்பினார்.

முப்பதுகளின் தொடக்க வயதிலேயே நாட்பட்ட மூட்டழற்சி அவரைப் பற்றிக்கொண்டது. அக்காலத்தில் மருத்துவர்களிடம் இருந்தவை மிகக் குறைவு. ஆஸ்பிரின், ஓய்வு, தங்க உப்பு ஊசி ஆகியவற்றோடு பெரும்பாலும் மருத்துவம் நின்றுவிடும். கார்டிசோன் முதன்முதலாக முடக்குவாத நோயாளி ஒருவருக்குத் தரப்பட்டது 1948இல்தான். இன்று நாங்கள் முதல் மருந்தாகத் தரும் மெத்தோடிரெக்சேட் இந்நோய்க்கென அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 1988இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே பர்டிக்கின் மூட்டுகள் விறைக்கத் தொடங்கிவிட்டன.

அந்த ஆண்டுகளில்தான் அவர் தம் பெரும் பணியைத் தொடங்கினார். அதுவரை அட்டை சேர்ப்பவர்களுக்குப் பொதுவான பட்டியல் இல்லை. ஒருவர் தம்மிடம் இருப்பதை மற்றொருவருக்குக் கடிதத்தில் விளக்குவதே கடினமாக இருந்தது. 1937 முதல் பர்டிக் ஒரு சிறு செய்தி மடலை வெளியிட்டார். 1939இல் அட்டைகளின் பட்டியல் நூலைக் கொண்டுவந்தார். அட்டைகளை வகைபிரித்து ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் கொடுத்தார். இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு 'டி', பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு 'என்' என்று அம்முறை செல்கிறது. வாக்னர் அட்டை வந்த வரிசையை இன்றும் உலகம் முழுவதும் 'டி206' என்றே அழைக்கிறார்கள். அது பர்டிக் இட்ட பெயர்.

இந்தப் பட்டியலும் மடலும் அட்டை சேர்ப்பவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகமாக்கின. கடிதத்தில் "டி206 வரிசையில் எனக்கு இன்னார் வேண்டும், பதிலுக்கு இன்னார் தருகிறேன்" என்று எழுதினால் எதிர்முனையில் இருப்பவருக்குப் புரிந்தது. அணி வாரியாகச் சேர்க்கும் இரசிகர்களும் இதனால் பயன்பெற்றனர். மூட்டு நோயால் எளிதில் பயணம் செய்ய இயலாத ஒருவர், தம் அறையில் இருந்தபடியே தொலைதூர ஊர்களில் இருந்தவர்களோடு அஞ்சல் வழி உறவு கொண்டிருந்தார். நாட்பட்ட நோயின் பெருந்துன்பங்களுள் ஒன்று தனிமை. அதற்கு அவர் கண்ட மருந்து இந்தப் பண்டமாற்று என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

மூலையில் ஒரு மேசை

தமக்குப் பின் இத்தொகுப்பு சிதறிவிடலாகாது என்ற கவலை அவருக்கு இருந்தது. 1947இல் நியூயார்க் நகரின் மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகத்துக்கு அதை நன்கொடையாகத் தர முன்வந்தார். அச்சோவியப் பிரிவின் பொறுப்பாளராக இருந்த ஹயட் மேயர் அதை ஏற்றுக்கொண்டார். அட்டைகளை வரிசைப்படுத்தி ஏடுகளில் ஒட்டித் தரும் பொறுப்பு பர்டிக்கினுடையதாயிற்று. 300,000க்கும் மேற்பட்ட பொருள்கள்! அவற்றுள் பேஸ்பால் அட்டைகள் மட்டும் 30,000க்கும் மேல்.

அட்டைகள் சிரக்யூஸிலிருந்து சிறிது சிறிதாக அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. 1959இல் உடல்நிலை காரணமாக வேலையிலிருந்து விலகிய அவர், இந்தப் பணிக்காகவே நியூயார்க் நகரில் குடியேறினார். அருங்காட்சியகத்தில் அவருக்கென ஒரு மேசை ஒதுக்கப்பட்டது. விறைத்த விரல்களால் ஒவ்வோர் அட்டையையும் எடுத்து, உரிய வரிசையில் வைத்து, பசையிட்டு ஒட்டினார். நோய் முற்றிக்கொண்டே வந்தது. பணி முடியும் வரை கைகள் இடம் கொடுக்குமா என்பதே அவருடைய கவலையாக இருந்தது.

1963 சனவரி 10ஆம் நாள் மாலை கடைசி அட்டையை ஒட்டி முடித்தார். மேலங்கியை அணிந்துகொண்டு, இனித் தாம் வரப்போவதில்லை என்று அங்கிருந்தவர்களிடம் சொல்லி விடைபெற்றார். மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தார். இரண்டு மாதங்கள் கழித்து, மார்ச் 13 அன்று அங்கேயே உயிர் நீத்தார். அவர் அடுக்கிய ஏடுகள் ஏறத்தாழ 400. அவற்றிலுள்ள அட்டைகளுள் சில இன்றும் அந்த அருங்காட்சியகத்தில் முறைவைத்துப் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. தாம் ஒருபோதும் இரசிகராக இல்லாத அணிகளின் இரசிகர்கள் அவற்றின் முன் நின்று, தங்கள் பாட்டனார் காலத்து வீரர்களைத் தேடிக் காண்கிறார்கள்.

மருத்துவர்களாக நாங்கள் காண்பது

இக்கதையை வலியைப் பொறுத்துக்கொள்வதன் பெருமையாக நீங்கள் எடுத்துக்கொள்ளலாகாது. பர்டிக் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதே. உங்களுக்கு வழி இருக்கிறது. காலையில் எழும்போது விரல்கள் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தாலோ, இரு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கி ஆறு வாரங்களுக்கு மேல் தணியாதிருந்தாலோ, தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். முடக்குவாதத்துக்குத் தொடக்க மாதங்களிலேயே உரிய மருந்து தொடங்கினால் மூட்டுகள் சிதைவதைப் பெருமளவு தடுக்க முடியும். சிதைந்த மூட்டை மருந்தால் மீட்க முடியாது.

அவர் வாழ்விலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்வது வேறு மூன்று செய்திகள்.

முதலாவது, அவர் தம் பணியைக் கைக்கு அடங்கும் அளவில் பிரித்துக்கொண்டார். 300,000 என்ற எண்ணைக் கண்டு மலைத்திருந்தால் முதல் ஏடே நிறைந்திராது. ஒருமுறைக்கு ஓர் அட்டை என்பதே அவர் முறை.

இரண்டாவது, அவருடைய ஈடுபாடு பிறரையும் உள்ளடக்கியதாக இருந்தது. கடிதம் எழுதவும் பதில் பெறவும் அவருக்கு ஆட்கள் இருந்தனர். தன்னந்தனியே பூட்டிய அலமாரியைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கும், "உங்களிடம் இல்லாதது என்னிடம் இருக்கிறது" என்று ஒருவருக்குச் சொல்வதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு.

மூன்றாவது, மேயர் அவர் கையிலிருந்து அட்டைகளை வாங்கித் தாமே ஒட்டிவிடவில்லை. இடம் ஒதுக்கினார், மேசை தந்தார், காலம் தந்தார். வேலையை பர்டிக்கிடமே விட்டார். உடனிருந்து கவனிக்கும் குடும்பத்தினர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

கைக்கு ஏற்ற வழிகள்

அட்டை, தபால்தலை, நாணயம், தீப்பெட்டிப் படம் என எதைச் சேர்ப்பவராயினும், கை மூட்டுகளில் நோய் உள்ளவர்களுக்கு நாங்கள் கூறும் நடைமுறைகள் இவை.

1. நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். விறைப்பு மிகுந்த அதிகாலையைத் தவிர்த்து, விரல்கள் தளர்ந்திருக்கும் முற்பகலிலோ மாலையிலோ அமருங்கள். தொடங்கும் முன் வெதுவெதுப்பான நீரில் கைகளைச் சில நிமிடங்கள் வைத்தெடுத்தால் விரல்கள் இளகும். மூட்டு சிவந்து சூடாக வீங்கியிருக்கும் நாளில் வெந்நீர் வேண்டாம்.

2. இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை நிறுத்துங்கள். விரல்களை முழுவதும் விரித்து மெல்ல மடக்குங்கள். வலி தொடங்கிய பின் நிறுத்துவதைக் காட்டிலும், தொடங்கும் முன் நிறுத்துவது நல்லது.

3. பசையைக் கைவிடுங்கள். பர்டிக் பசையால் ஒட்டிய அட்டைகளைப் பிரிப்பது கடினம் என்று இன்றைய சேகரிப்பாளர்கள் வருந்துகிறார்கள். பைகள் கொண்ட ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள்கள் இப்போது கிடைக்கின்றன. பக்கம் ஒன்றுக்கு ஒன்பது அட்டைகள் வைக்கலாம். அட்டைக்கும் நல்லது, அழுத்தித் தேய்க்க வேண்டாத விரலுக்கும் நல்லது.

4. கிள்ளிப் பிடிக்கும் வேலையைக் குறையுங்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து இறுகப் பிடிக்கும்போது பெருவிரலின் அடிமூட்டில் பெரும் அழுத்தம் விழுகிறது. தபால்தலை எடுக்கும் அகன்ற முனை இடுக்கியின் பிடியில் துணியோ பஞ்சு நாடாவோ சுற்றித் தடிமனாக்கிக்கொண்டால் இறுகப் பிடிக்க வேண்டியிராது.

5. கனமான ஆல்பத்தை ஒரு கை விரல்களால் தூக்காதீர்கள். இரு உள்ளங்கைகளையும் அடியில் கொடுத்துத் தூக்குங்கள். ஒரு பெரிய ஆல்பத்துக்குப் பதில் மூன்று சிறிய ஆல்பங்கள் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

6. சாய்வான புத்தகத் தாங்கியில் ஆல்பத்தை வைத்து, நல்ல வெளிச்சத்தில் அமருங்கள். கழுத்து குனியாமலும் முழங்கைகள் மேசையில் தாங்கியவாறும் இருக்கட்டும்.

எங்கள் மருத்துவமனையின் இயன்முறை மருத்துவர்களும், அன்றாடக் கைவேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளும் உங்கள் கையைப் பார்த்து, அதற்கேற்ற பட்டையையும் பயிற்சியையும் பரிந்துரைப்பார்கள். அடுத்த முறை வரும்போது உங்கள் ஆல்பத்தையோ, பூத்தொடுக்கும் நாரையோ, எழுதும் பேனாவையோ கையோடு கொண்டுவாருங்கள். எங்கள் முன் அதைச் செய்து காட்டுங்கள். எக்ஸ்ரே படத்தில் தெரியாத பல செய்திகள் அப்போது எங்களுக்குத் தெரியவரும்.

உடனிருப்போருக்கு

உங்கள் அன்பை நாங்கள் அறிவோம். இரவில் எழுந்து ஒத்தடம் கொடுப்பதும், மருந்து நேரத்தை நினைவில் வைத்திருப்பதும், விடுப்பெடுத்துக்கொண்டு இங்கே வரிசையில் நிற்பதும் நீங்கள்தாம். உங்களிடம் ஒரு வேண்டுகோள். நோயாளிக்குப் பிடித்த பொருளை அவரைக் கேளாமல் அப்புறப்படுத்தாதீர்கள். அமெரிக்காவில் வளர்ந்த ஒரு தலைமுறையினர் இன்றளவும் சொல்லும் பொதுவான குறை, தாம் வெளியூர் சென்றபோது அம்மா அட்டைப் பெட்டியைக் குப்பையில் எறிந்துவிட்டார் என்பது. அந்தத் தாய்மார்கள் வீட்டைத் தூய்மை செய்வதாகத்தான் எண்ணினார்கள்.

செய்து கொடுப்பதைவிட, செய்ய இடம் கொடுங்கள். தாளைப் பிரித்து வைப்பது, கனமானதை எடுத்துத் தருவது, மூடி இறுகிய டப்பாவைத் திறந்து கொடுப்பது ஆகியவை உங்கள் வேலையாகட்டும். எதை எங்கே வைப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும். பேரப்பிள்ளை ஒருவர் அருகே அமர்ந்து, "இது யார், தாத்தா?" என்று கேட்டால் இன்னும் சிறப்பு. விரல்களுக்குப் பயிற்சியும் மனத்துக்குத் துணையும் ஒரே வேளையில் கிடைக்கும்.

ஒருவேளை நோய் முற்றி, பழைய கைவேலை இயலவே இயலாது என்ற நிலையும் வரலாம். அதை மறைப்பது எங்கள் வழக்கமன்று. அப்போதும் ஆல்பத்தைப் பரணில் ஏற்றுவது கடைசி வழியாகவே இருக்கட்டும். எடுத்து அடுக்க முடியாதவர் பட்டியல் எழுதச் சொல்லலாம், பிறருக்குக் கற்றுத் தரலாம், தம்மிடம் மிகையாக இருப்பதை மற்றொருவருக்கு மாற்றித் தரலாம். தம் அணி ஊரைவிட்டே போன பின்னும் புரூக்ளின் இரசிகர்கள் அதன் அட்டைகளைக் காத்ததுபோல, ஓர் ஆட்டம் கைவிட்டுப் போன பின்னும் அதன் மீதுள்ள பற்றைக் காத்துக்கொள்ள முடியும்.

பர்டிக் தம் பட்டியலில் பெரும்பாலான அட்டைகளுக்குச் சில சென்ட்டுகளே விலை குறித்தார். அவற்றுள் சில இன்று கோடிகளுக்கு விலைபோகின்றன. அந்தக் கோடிகள் அவருக்குக் கிட்டவில்லை. அவருக்குக் கிட்டியது, நோயோடு கழிந்த முப்பது ஆண்டுகளிலும் மறுநாள் காலையில் செய்வதற்கென்று ஒரு வேலை. உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்குமானால், கதவருகே சென்ற பின் தயங்கிக் கேட்க வேண்டாம். உள்ளே வந்து அமர்ந்ததும் அதையே முதலில் சொல்லுங்கள். எந்த மருந்து, எவ்வளவு, எந்தப் பயிற்சி என்பதை அதிலிருந்தே நாம் சேர்ந்து தொடங்கலாம்.